கப்பலில் வந்து இறங்கி ஒரு பகலில் சார்ல்ஸ்டன்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பெரும்பாலான துறைமுக நகரங்களில் பயணிகள் கப்பல் நிற்கும் இடம் ஒரு மூலையிலும் பார்க்க வேண்டிய ஊர் வேறொரு மூலையிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பேருந்துக்காகக் காத்திருப்பதிலேயே காலைப் பொழுது கழிந்துவிடும். தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் அப்படிப்பட்டதன்று. கூப்பர், ஆஷ்லி என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே தெற்கு நோக்கி நீண்டிருக்கும் தீபகற்பத்தில் பழைய நகரம் இருக்கிறது; பயணிகள் கப்பல் அதன் கிழக்கு விளிம்பிலேயே வந்து நிற்கிறது. 1670இல் ஆங்கிலேயர் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறி, 1680இல் இந்தத் தீபகற்பத்துக்கு இடம்பெயர்ந்ததற்குக் காரணமே இங்குள்ள கப்பல்துறைதான். அரிசி, அவுரி, பஞ்சு, அடிமை வணிகம் என்று இந்த ஊருக்குச் செல்வம் கொடுத்த எல்லாமே கூப்பர் ஆற்றங்கரைத் துறைமேடைகள் வழியாகத்தான் வந்தன, போயின. ஆகவே ஊரைக் கரையிலிருந்து உள்நோக்கிப் பார்த்துச் செல்வதே முறை. கப்பல் பயணிக்கு அந்த வாய்ப்பு தானாகவே அமைகிறது.

ஒரு பகலுக்குள் எல்லாவற்றையும் பார்க்க முயல்பவர் எதையும் பார்க்காமல் திரும்புவார். நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம் ஒன்று, மீதி நேரமெல்லாம் நடை என்ற கணக்கில் நாளை வகுத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்துள்ளது.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் வழக்கமாக நிற்பது கன்கார்டு தெருவிலுள்ள யூனியன் பியர் முனையத்தில். 2024 இறுதி வரை கார்னிவல் நிறுவனத்தின் ‘சன்ஷைன்’ கப்பல் இங்கிருந்தே பயணங்களைத் தொடங்கியது. இப்போது சார்ல்ஸ்டன் பெரும்பாலும் வழியில் நிறுத்திச் செல்லும் துறைமுகமாகவே இருக்கிறது. யூனியன் பியர் நிலத்தை விட்டு வெளியேறத் துறைமுக ஆணையம் முடிவெடுத்து, அங்கே நகர விரிவாக்கத் திட்டங்கள் பேசப்பட்டு வருவதால், வரும் ஆண்டுகளில் பயணம் செய்பவர்கள் பழைய வரைபடத்தை நம்பாமல் கப்பல் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. தென்கிழக்குக் கடலோரம் செல்லும் சிறிய கப்பல்கள் வேறு துறைகளிலும் நிற்கக்கூடும்.

ஆவணங்களில் இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கப்பல் இடையில் பஹாமாஸ், பெர்முடா போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களைத் தொட்டு வருகிறதென்றால், அமெரிக்க மண்ணில் மறுபடியும் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் நாட்டுக்குள் புதிதாக நுழைபவராகவே கருதப்படுவீர்கள். அமெரிக்காவிலேயே வேலை பார்ப்பவராக இருந்தாலும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை அந்தத் தேதியில் செல்லுபடியாக இருக்கிறதா, பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து முதலில் தொடும் அமெரிக்கத் துறைமுகம் சார்ல்ஸ்டனாக இருந்தால், குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை முடிந்த பிறகே இறங்க முடியும். அதற்கு ஒரு மணி நேரம் போகலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிழமையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம் மூடியிருக்கும். திங்கட்கிழமையில் வேறு சில இடங்கள் விடுமுறை விடும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் கிங் தெருவின் ஒரு பகுதியில் வாகனங்களை நிறுத்திவிட்டுக் கடைகளும் பாட்டும் தெருவுக்கே வந்துவிடும். மே இறுதியிலிருந்து 17 நாள் நடக்கும் ஸ்போலெட்டோ கலைவிழாக் காலத்தில் ஊர் நிரம்பி வழியும். எதையும் முன்பதிவின்றி நம்பிச் செல்லக்கூடாது.

பருவத்தைப் பொறுத்தவரை மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் நடைக்கு ஏற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை வெயிலுக்குப் பழகியவர்களையே அசரவைக்கும் புழுக்கம் இருக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இந்த ஊரைப் புரட்டிப்போட்டது. புயல் அறிகுறி தெரிந்தால் கப்பல் இந்தத் துறையைத் தவிர்த்துவிட்டுப் போகும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கும். எனவே தனியாக முன்பதிவு செய்யும் எதற்கும் பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று: அன்றைய ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணை. சார்ல்ஸ்டன் தாழ்ந்த ஊர். துறைமுக அளவுகோலில் நீர்மட்டம் 7 அடியைத் தொட்டாலே, மழையில்லாத நாளிலும் சாக்கடை வாய்கள் வழியாகக் கடல்நீர் தெருவுக்கு ஏறத் தொடங்கும். முழுநிலவு, அமாவாசை நாட்களை ஒட்டி, குறிப்பாக இலையுதிர் காலத்தில், இது நடக்கும். சந்தைத் தெருப் பகுதி முதலில் நனையும் இடங்களில் ஒன்று. அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவா வெளியிடும் அட்டவணையில் உயர் ஓதம் எந்த மணிக்கு என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் தாழ்ந்த தெருக்களில் இல்லாதபடி நடையைத் திட்டமிடலாம்.

காலையில் மேல்தளத்துக்குப் போங்கள்

கரையில் இறங்கிய பின்தான் சார்ல்ஸ்டன் தொடங்குகிறது என்று நினைத்துக் காலையுணவுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்தப் பயணத்தின் நல்ல பகுதியை இழக்கிறார். கப்பல் கிழக்கிலிருந்து வருவதால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; முன்னாலுள்ள கரை முழுவதும் தெளிவாகத் தெரியும். மேல்தளத்தின் முன்புறம் நின்றுகொள்ளுங்கள்.

வலப்பக்கம் வருவது சல்லிவன்ஸ் தீவு. அதன் நுனியில் மோல்ட்ரி கோட்டை. அமெரிக்க விடுதலைப் போரில், 1776 ஜூன் 28 அன்று ஆங்கிலேயக் கடற்படை அந்தக் கோட்டையைத் தாக்கியபோது, அது கல்லால் கட்டப்பட்டிருக்கவில்லை. அடுக்கிய பால்மெட்டோ மரத்தடிகளும் நடுவே மணலும் மட்டுமே. பால்மெட்டோ பனைக் குடும்பத்து மரம். தடி நார்த்தன்மை கொண்டது என்பதால், பீரங்கிக் குண்டுகள் அதைப் பிளக்காமல் அமுங்கிச் செருகிக்கொண்டன. தென் கரோலினாவின் கொடியில் இன்றும் அந்த மரம்தான் இருக்கிறது.

இடப்பக்கம், நீர் நடுவே செங்கல் நிறத்தில் தாழ்ந்து கிடப்பது சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில், கூட்டரசிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின் படைகள் இதன்மீது சுடத் தொடங்கியதே அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கம். சுமார் 34 மணி நேரத் தாக்குதலுக்குப் பிறகு கோட்டை பணிந்தது. மூன்றடுக்காக ஐம்பது அடி உயரத்தில் நின்ற சுவர், பின்னர் கூட்டரசின் வடபடைகள் 1863 முதல் மாதக்கணக்கில் சுட்டதில் நொறுங்கி, இன்று ஏறத்தாழ ஒரே அடுக்காக நிற்கிறது.

இதே நீர்வழியில்தான் 1862 மே 13 விடிவதற்குமுன் அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற கப்பலோட்டி, வெள்ளைக்கார அதிகாரிகள் கரைக்குப் போயிருந்த நேரத்தில் ‘பிளான்டர்’ என்ற தென்படைக் கப்பலைக் கிளப்பினார். கப்பித்தானின் வைக்கோல் தொப்பியை அணிந்து, வழக்கமான ஊதல் சைகையைக் கொடுத்து, கோட்டைகளைக் கடந்து, தம் குடும்பத்தாரையும் உடன் இருந்தோரையும் வடபடையிடம் கொண்டுசேர்த்தார். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். கடந்து போகும் தொலைவை நீங்களே கண்ணால் அளந்து பார்த்தால்தான் அந்த மனிதரின் துணிச்சல் விளங்கும்.

அதன்பின் இடப்பக்கம் தீபகற்பத்தின் நுனியும் பெரிய வீடுகளின் வரிசையும், வலப்பக்கம் சிறு தீவில் பிங்க்னி என்ற சின்னக் கோட்டையும், அதற்கப்பால் மறுகரையில் யார்க்டவுன் என்ற இரண்டாம் உலகப்போர்க் கால விமானந்தாங்கிக் கப்பலும் தெரியும். நேரெதிரே 2005இல் திறக்கப்பட்ட ராவெனல் பாலம். உங்கள் கப்பல் அதன் கீழே போகாமல் அதற்கு முன்பே கரை தொட்டுவிடும்.

இறங்கும்போது

கப்பல் அட்டையுடன் புகைப்பட அடையாள அட்டை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முனையத்துக்குள் திரும்பி நுழையும்போது இரண்டையும் கேட்கலாம். காலையுணவுக் கூடத்திலிருந்து ஆப்பிளோ வாழைப்பழமோ பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலில் இருந்து பழம், இறைச்சி கொண்டுவருவது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது, அபராதமும் உண்டு. கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றிக்கொள்ளாமல் இருக்கலாம்.

முனையத்தைவிட்டு வெளியே வந்ததும் அருகிலேயே வெள்ளைத் தூண்களோடு நிற்பது சுங்க மாளிகை. 1853இல் கட்டத் தொடங்கி, போர் குறுக்கிட்டு, 1879இல்தான் முடிந்தது. அங்கிருந்து நகரச் சந்தை ஐந்து நிமிட நடை. நடக்க இயலாதவர்களுக்கு ‘டேஷ்’ என்ற கட்டணமில்லாத நகரப் பேருந்து பழைய நகருக்குள் சுற்றிவருகிறது. மிதிவண்டி ரிக்‌ஷாக்களும் கிடைக்கும்.

குதிரை வண்டிச் சவாரி பற்றி ஒரு சொல். சந்தையருகே நிறைய வண்டிகள் நிற்கும். எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போகும் என்பதை வண்டிக்காரர் முடிவுசெய்வதில்லை. ஒரே தெருவில் வண்டிகள் குவிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சந்தையருகே நகராட்சி நடத்தும் குலுக்கலில் எண் விழும் பகுதிக்கே போக வேண்டும். ‘வானவில் வரிசை’ எனப்படும் பல நிற வீடுகளைப் பார்க்கலாமென்று ஏறினால் வேறெங்கோ போய் இறங்கலாம். குதிரை நடுத்தெருவில் சிறுநீர் கழித்தால் வண்டிக்காரர் அந்த இடத்தில் அடையாளம் ஒன்றைப் போட்டுவிட்டுச் செல்வார்; பின்னால் வரும் வண்டி அதைக் கழுவிவிடும். குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான். எனினும் ஒரு மணி நேரத்தையும் செலவையும் ஒப்பிட்டால், நல்ல வழிகாட்டியோடு போகும் இரண்டு மணி நேர நடைக்கே என் வாக்கு. முன்பு நகராட்சித் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே வழிகாட்டிகளாக இருக்கலாம் என்ற விதி இருந்தது; 2018இல் நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. தேர்வு இப்போது விருப்பத்தின் பேரில் எழுதுவது என்பதால், தேறியவரா என்று கேட்டு அமர்த்துங்கள்.

எந்த ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவது

என் முதல் தேர்வு, பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். முனையத்திலிருந்து வடக்கே கால் மணி நேர நடை. 2023 ஜூன் 27 அன்று திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் நிற்பது காட்ஸ்டன் துறைமேடை இருந்த நிலத்தில். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் வழியாகவே வந்தனர் என்பது பொதுவான கணிப்பு. 1808 ஜனவரி 1 முதல் அடிமை இறக்குமதி சட்டப்படி நிற்கப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் இந்தத் துறையில்தான். அந்த நிலத்தின்மீது கட்டடம் அமரக் கூடாது என்று கருதி, தரையிலிருந்து 13 அடி உயரத்தில், 18 தூண்களின்மேல் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கீழே உள்ள நினைவுத் தோட்டத்துக்குக் கட்டணமில்லை. ஆற்றோரம் ஆழமற்ற நீர்த்தரை ஒன்று. அதில் நீர் வடியும்போது, அடிமைக் கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்கள் வரிசை வரிசையாக வெளிப்படும், நீர் ஏறும்போது மறையும். உள்ளே பார்க்க நேரம் குறித்த சீட்டு வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவது தேர்வு சம்டர் கோட்டை. அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள லிபர்டி சதுக்கத்திலிருந்து படகு புறப்படும். போகவர ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், கோட்டையில் ஒரு மணி நேரம் என மொத்தம் இரண்டேகால் மணி நேரம் ஆகும். வந்த படகிலேயே திரும்ப வேண்டும் என்பதால் நேரத்தைச் சுருக்க வழியில்லை. கப்பல் ஏழு மணி நேரமாவது துறையில் நிற்கும் என்றால், காலையின் முதல் படகில் மட்டும் போகலாம். நண்பகல் படகை நம்புவது கப்பல் பயணிக்கு ஆகாது. காலையில் மேல்தளத்திலிருந்து கோட்டையைப் பார்த்துவிட்டவர்கள், போர் வரலாற்றில் தனி ஈடுபாடு இல்லையென்றால், இதைத் தவிர்த்தாலும் குறையில்லை.

பழைய மாளிகைகளில் நதானியல் ரஸ்ஸல் இல்லம் (1808) தாங்குதூண் இல்லாமல் மூன்று தளங்களுக்குச் சுழன்றேறும் படிக்கட்டுக்குப் பெயர் பெற்றது. எய்க்கன் ரெட் இல்லமோ புதுப்பிக்கப்படாமல், உரிந்த சுவர்த்தாள்களோடும் பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த அறைகளோடும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. எனக்கு இதுவே பிடித்தது.

மேக்னோலியா, மிடில்டன், பூன் ஹால் போன்ற தோட்டப் பண்ணைகளுக்கான பேருந்துச் சுற்றுலாவைக் கப்பலில் நிறைய விற்பார்கள். போகவும் வரவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், ஊருக்கு நேரம் மிஞ்சாது. இரண்டாம் முறை வருபவர்களுக்கு அவை பொருந்தும். பண்ணை ஒன்றையாவது பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், மிக அருகிலுள்ள ஜேம்ஸ் தீவின் மெக்லியட் பண்ணைக்கு வாடகைக் காரில் போய்வரலாம். அங்கே மாளிகையைவிட அதில் உழைத்தவர்களின் கதைக்கே முதலிடம் தருகிறார்கள்.

நடை: சந்தையிலிருந்து கடல்முனை வரை

இது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்ச் சுற்று. முற்பகலில் உள்தெருக்கள், பிற்பகலில் கடற்காற்று வரும் கரைப்பகுதி என்ற வரிசையில் அமைத்திருக்கிறேன். வானவில் வரிசையைப் படமெடுப்பதே முதல் நோக்கம் என்றால் சுற்றைத் தலைகீழாக நடக்கலாம். அந்த வீடுகள் கிழக்கு பார்த்தவை, காலை வெளிச்சம்தான் அவற்றுக்கு அழகு.

நகரச் சந்தையின் முகப்பு மண்டபம் 1841இல் கட்டப்பட்டது. அதன் பின்னால் நான்கு தெருக்கட்டு நீளத்துக்குக் கூரையிட்ட கொட்டகைகள் ஆற்றை நோக்கிப் போகின்றன. இதை அடிமைச் சந்தை என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள், அது தவறு. இங்கே விற்றது காய்கறி, மீன், இறைச்சி. கழிப்பறை வசதி இங்கே உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் நின்று பார்க்க வேண்டியது இனிப்புப்புல் கூடை பின்னும் பெண்களை. இவர்கள் குல்லா கீச்சி எனப்படும் சமூகத்தினர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஒரு கைப்பிடிப் புல்லைச் சுருளாக வளைத்து, காம்பு நசுக்கிக் கூராக்கிய பழைய கரண்டிப் பிடியால் முந்தைய சுற்றில் துளையிட்டு, பால்மெட்டோ ஓலை நறுக்கை அதில் நுழைத்து இழுத்து இறுக்குகிறார்கள். மறுபடி துளை, மறுபடி ஓலை. நம் ஊர்ப் பனையோலைப் பெட்டியைப் போன்றதே, ஆனால் முடைவதில்லை, தைப்பது. பக்கத்தில் போனால் காய்ந்த புல்லின் மணம் வரும். அடர்நிறக் கோடுகள் வேண்டுமிடத்தில் நாணற்புல்லையும், செம்பழுப்பு வேண்டுமிடத்தில் பைன் ஊசியிலைகளையும் சேர்ப்பார்கள். இந்தக் கூடைகளில் மிகப் பழைய வடிவம், விளிம்பு தாழ்ந்த அகன்ற தட்டு. வயலிலும் களத்திலும் நெல் புடைக்கப் பயன்பட்ட முறம் அது. கரோலினாவின் அரிசிச் செல்வம், மேற்கு ஆப்பிரிக்க நெல் விவசாயிகளின் கையறிவின்மீது எழுந்தது என்பதை வேறெந்த அருங்காட்சியகப் பலகையையும்விட அந்தத் தட்டு தெளிவாகச் சொல்கிறது. உள்ளங்கையளவு கூடைக்கே விலை உங்களைத் திகைக்க வைக்கலாம். ஒரு பெரிய கூடைக்கு வாரக்கணக்கில் உழைப்பு தேவை என்பதையும், கடலோரக் கட்டடங்களால் புல் அரிதாகிவிட்டதையும் எண்ணிப் பேரம் பேசாமல் இருப்பதே மரியாதை. படமெடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையிலிருந்து சர்ச் தெருவில் தெற்கே திரும்புங்கள். கம்பர்லாந்து தெருவில் சற்றே வலப்பக்கம் போனால் 1713ஆம் ஆண்டின் வெடிமருந்துக் கிடங்கு. கரோலினாப் பகுதியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பொதுக்கட்டடம். அடுத்து தெருவையே வளைத்து நிற்கும் புனித பிலிப் தேவாலயம், அதன்பின் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தினரின் ஹ்யூகனாட் தேவாலயம். வீடுகளைக் கவனித்துக்கொண்டே நடங்கள். ஓர் அறை அகலத்தில், பக்கவாட்டைத் தெருவுக்குக் காட்டி நீண்டுகிடக்கும் வீடுகள் இந்த ஊரின் அடையாளம். தெருவைப் பார்த்த கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், பக்கவாட்டு நெடுந்தாழ்வாரத்தில் நிற்பீர்கள். தெற்கும் மேற்குமாகக் காற்று வரும் திசையில் தாழ்வாரத்தை வைத்திருக்கிறார்கள். சுவர்களில் அங்கங்கே வட்டமான இரும்புத் தட்டுகள் தெரியும். 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சுவர் பிரிந்துவிடாமலிருக்க வீட்டின் குறுக்கே கம்பி செலுத்தி முறுக்கிப் பிடித்த பூட்டுகள் அவை.

சால்மர்ஸ் தெரு, கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்த உருண்டைக் கற்களால் பாவியது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் இதில் போகாது; பக்கத்துத் தெருவைப் பயன்படுத்துங்கள். இங்கேதான் பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம் இருக்கிறது. 1856இல் தெருவில் வெளிப்படையாக அடிமைகளை ஏலம் விடுவதற்கு நகராட்சி தடைவிதித்தபின், சுவருக்குள் நடத்துவதற்கென்று எழுந்த ஏலக்கூடங்களில் ஒன்று இது. கட்டடம் 1859ஐச் சேர்ந்தது. சிறிய இடம்; எழுத்துப் பலகைகளே மிகுதி. நாற்பது நிமிடம் போதும். வணிகம் எப்படிக் கணக்கு வைத்து நடத்தப்பட்டது என்பதை இது போல விளக்கும் இடம் ஊரில் வேறில்லை.

மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் நாற்சந்தியில் நகர மண்டபம், மாவட்ட நீதிமன்றம், கூட்டரசின் நீதிமன்றம், புனித மைக்கேல் தேவாலயம் நான்கும் நான்கு மூலையில். நகர மண்டபம் திறந்திருந்தால் மன்ற அறைக்குச் சென்று ஜான் டிரம்புல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஓவியத்தைப் பாருங்கள். முதலில் வரைந்ததை நகரத்தார் ஏற்காமல் வேறு கேட்டதாகவும், அதற்குப் பழிவாங்க ஓவியர் குதிரையின் பின்புறத்தை ஊரை நோக்கித் திருப்பி வரைந்ததாகவும் உள்ளூரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இந்த ஊரோடு ஒரு நேர்ப் பிணைப்பும் உண்டு. விடுதலைப் போரின்போது, 1780 மே 12இல் ஆங்கிலேயர் சார்ல்ஸ்டனை முற்றுகையிட்டுப் பிடித்தபோது படையில் இரண்டாம் நிலையில் இருந்தவர் கார்ன்வாலிஸ். பிறகு தென்பகுதிப் படையே அவர் கையில் வந்தது. அமெரிக்காவில் தோற்ற அவரே இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்று, திண்டுக்கல்லையும் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாரமகாலையும் கம்பெனிக்குச் சேர்த்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்பது அவருடைய சிலைதான். அந்த முற்றுகையைத் தாங்கிய அரணின் சிறு துண்டு, சிப்பிச் சுண்ணாம்புக் கலவையாலானது, மேரியன் சதுக்கத்தில் வேலிக்குள் இருக்கிறது. இந்தச் சுற்றில் அது இல்லை. கால்ஹன் தெருவில் இம்மானுவேல் தேவாலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சேர்த்துப் பார்க்கலாம். 2015 ஜூன் 17 அன்று வழிபாட்டு வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பின மக்கள் இனவெறியனால் சுட்டுக் கொல்லப்பட்ட தேவாலயம் அது. இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதை மனத்தில் வைத்து நடந்துகொள்ள வேண்டும்.

நாற்சந்தியிலிருந்து மீட்டிங் தெருவிலேயே நேராகத் தெற்கே போனால் கடல்முனைப் பூங்கா. ஓக் மர நிழல், பழைய பீரங்கிகள், காற்று. 1718இல் ஸ்டீட் பானெட் என்ற கடற்கொள்ளையனைத் தூக்கிலிட்டது இங்கேதான். கடற்சுவரை ஒட்டி வடக்கே திரும்பி நடந்தால் கிழக்கு விரிகுடாத் தெருவில் 79 முதல் 107 வரை எண்ணுள்ள பதின்மூன்று வீடுகள், வெளிர் நிறங்களில். வணிகர்களின் கடைகளாகவும் மேலே குடியிருப்பாகவும் இருந்து, போருக்குப்பின் பாழடைந்து, 1930களில் ஒருவர் தம் வீட்டுக்கு இளஞ்சிவப்புப் பூச, மற்றவர்கள் பின்பற்றியதால் வானவில் வரிசை ஆனது. அதைத் தாண்டியதும் 1771இல் முடிந்த பழைய வணிக மாளிகை; பிறகு நீர்முனைப் பூங்காவின் அன்னாசி நீரூற்று. அங்கிருந்து கப்பல் தெரியும்.

சாப்பாடு

இறால் சேர்த்த சோளக்குருணைக் கஞ்சி, பெண் நண்டின் சினை சேர்த்த சூப் ஆகிய இரண்டும் ஊரின் பெயர்பெற்ற உணவுகள். கரோலினா கோல்டு என்ற பழைய அரிசி வகை வழக்கொழிந்து, 1980களில் மீட்டெடுக்கப்பட்டது. உணவுப் பட்டியலில் கண்டால் கேட்டுச் சாப்பிடுங்கள். சைவ உணவுக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கீரை, பயறு, தக்காளிச் சாதம் என்று பெயரைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் பன்றிக்கொழுப்போ பன்றி எலும்போ போட்டு வேகவைத்ததாக இருக்கும். சோளக்குருணையைக்கூடச் சில கடைகளில் கோழிச்சாற்றில் சமைப்பார்கள். “இறைச்சி உண்டா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். கொழுப்பும் சாறும் உண்டா என்று தனியே கேளுங்கள். பச்சைத் தக்காளி வறுவல், வெண்டைக்காய் வறுவல் ஆகியவற்றில்கூட எண்ணெயைக் கேட்டுக்கொள்வது நல்லது. எடுத்துச் செல்வதற்கு எள் பிஸ்கட் சிறந்தது. எள்ளை இங்கே ‘பென்னே’ என்ற ஆப்பிரிக்கச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். பரிமாறுபவருக்கு 18 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு வழக்கம். நண்பகல் பன்னிரண்டரைக்கு எல்லாக் கடையும் நிரம்பிவிடும், பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

திரும்பும் நேரம்

கப்பல் புறப்படும் நேரமும், எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரமும் வேறு வேறு. பின்னது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முந்தியது. அதற்கும் முக்கால் மணி நேரம் முன்னதாக நீர்முனைப் பூங்காவுக்கு வந்துவிட்டால், அங்கிருந்து முனையம் பத்து நிமிட நடைதான். கோடைப் பிற்பகலில் இடிமழை திடீரென்று வரும். அதோடு உயர் ஓதமும் சேர்ந்தால் மழைநீர் வடிய வழியின்றி முழங்கால் வரை நிற்கும், வாடகைக் கார்கள் அந்தத் தெருக்களுக்கு வர மாட்டா. அப்போது தாழ்ந்த சந்தைத் தெருவைத் தவிர்த்து, மேடான தெருக்கள் வழியாகச் சுங்க மாளிகைப் பக்கம் வருவது பாதுகாப்பானது. தேங்கிய நீரில் செருப்புக்காலோடு இறங்க வேண்டாம். அது சாக்கடை வழியே ஏறிய நீர்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் உடனே முனையத்திலுள்ள துறைமுக முகவரைத் தொடர்புகொள்ளுங்கள். அவருடைய எண் கப்பலில் நாள்தோறும் தரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும், இறங்குமுன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியிருக்கும். அது வெளிநாடாக இருந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் நகர முடியாது. அதனால், பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வைப்பதா கையில் எடுத்துச் செல்வதா என்ற கேள்விக்கு, கப்பலின் சுற்றுலாவை எடுக்காதவர்களுக்கு விடை ஒன்றுதான்: நீர் புகாத உறையில் இட்டு உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் வடக்குச் சார்ல்ஸ்டனில், பழைய நகரிலிருந்து காரில் அரை மணிக்குள்.